‘ப்ரீன்’: கத்தரியா, ஊசியா, எண்ணெயா?

மார்ச் 3, இரவு 9.15

வந்த கேள்வி இது: “பறவை அலகால் இறகைக் கோதுவதற்கு ஆங்கிலத்தில் ப்ரீன் என்கிறார்கள். தோட்டத்தில் கிளை வெட்டுவது ப்ரூன். இரண்டும் ஒரே சொல்தான், பறவை வேண்டாத இறகைக் கத்தரித்துப் போடுவதால் அந்தப் பெயர் வந்தது என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். சரியா?”

மார்ச் 3, இரவு 11.40

தவறு. கோதும் பறவை எதையும் வெட்டுவதில்லை. உதிர வேண்டிய இறகு சில சமயம் அலகோடு வரும், அவ்வளவுதான்.

இது ஊசியிலிருந்து வந்த சொல். பழைய ஆங்கிலத்தில் ‘ப்ரெயோன்’ என்றால் துணியைக் குத்தி வைக்கும் ஊசி. ஸ்காட்லாந்தில் இன்றும் குண்டூசிக்கு ‘ப்ரீன்’தான். ராபர்ட் பர்ன்ஸ் 1785-ல் எழுதிய கவிதைக் கடிதம் ஒன்றில் தன் ஞாபகசக்தி ஒரு ப்ரீன்கூடப் பெறாது என்கிறார். நாம் சல்லிக்காசு பெறாது என்போமே, அதுபோல. ஐஸ்லாந்தில் ‘ப்ரியோன்’ என்றால் ஸ்வெட்டர் பின்னும் ஊசி. ஜெர்மன் மொழியில் ‘ப்ஃப்ரீம்’ தோலில் துளை போடும் குத்தூசி. எல்லாம் ஒரே குடும்பம்.

எங்கள் வீட்டுப் பின்பக்க முருங்கையில் தினமும் நாலரை மணிக்குத் தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து உட்காரும். ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து, பக்கத்துக் குருவியின் கழுத்துக்குள் அலகைவிட்டுக் குத்திக் குத்தி எடுக்கும். கழுத்தை நீட்டிக் கொடுக்கும் குருவி கண்ணை மூடிக்கொள்ளும். அந்த அலகைப் பார்த்தவர்களுக்கு ஊசி என்பதில் சந்தேகமே வராது.

மார்ச் 4, காலை 6.50

வெட்டுவதில்லை என்றேன். பிறகு என்னதான் செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு காக்கை இறகை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுத்தண்டு, அதன் இருபுறமும் சாய்வாகப் போகும் இழைகள். ஒவ்வொரு இழையிலும் இன்னும் பொடியான நுண்ணிழைகள். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருந்து பக்கத்து இழையைப் பிடித்துக்கொள்கின்றன. விரலால் எதிர்ப்பக்கம் தேய்த்தால் கொக்கிகள் விட்டு, இறகு கிழிந்ததுபோல ஆகிவிடும். அதையே அடியிலிருந்து நுனி நோக்கி இரண்டு விரலால் நீவிவிட்டால் பையின் ஜிப் மாதிரி திரும்ப மூடிக்கொள்ளும். பறவை அலகால் செய்வது இதைத்தான், ஒவ்வொரு இறகாக. பேனைப் பொறுக்குவது, தூசியை எடுப்பது எல்லாம் கூடவே நடக்கும்.

62 பறவை இனங்களைக் கணக்கெடுத்த ஓர் ஆய்வில், உடம்பைப் பராமரிக்க அவை செலவிட்டது பகல் நேரத்தில் சராசரியாக 9.2 சதவீதம். பெரும்பகுதி இறகு வேலைதான். பன்னிரண்டு மணி நேரப் பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

மார்ச் 6, இரவு 10.05

3ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். இரண்டு நாளாக மனசுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஊசியிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்லிவிட்டேன். ஊசி இந்தச் சொல்லின் தாய் அல்ல. நடுவில் வந்து ஒட்டிக்கொண்ட உறவு.

தாய் பழைய பிரெஞ்சில் இருக்கிறது. ‘பொரொயிந்த்ரெ’ என்றொரு வினை. முன்னால் இருக்கும் ‘பொர்’ வெறும் ஒட்டு. மீதியுள்ள ‘ஒயிந்த்ரெ’ என்றால் எண்ணெய் பூசுதல். அது லத்தீனின் ‘உங்கெரெ’யிலிருந்து வந்தது, அதற்கும் பூசுதல் என்றே பொருள். மருந்துக்கடையில் சொறிக்கும் சிரங்குக்கும் கேட்டு வாங்குகிறோமே ஆயின்ட்மென்ட், அது இதே வேரிலிருந்து வந்த தங்கை. பைபிளில் தலைக்கு எண்ணெய் வார்த்து அரசனாக்குவதைச் சொல்லும் ‘அனாயின்ட்’ இன்னொரு தங்கை.

ஆக, சொல் பிறந்தபோது அதற்குள் கத்தரியும் இல்லை, ஊசியும் இல்லை. எண்ணெய் இருந்தது. பறவை தன் இறகுக்கு எண்ணெய் பூசிக்கொள்கிறது.

இங்கிலாந்துக்கு வந்த பிறகு எழுத்து நிலைக்கவில்லை. ப்ரொயின், ப்ரெயின், ப்ரூன் என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதினார்கள். எண்ணெய் என்ற பொருள் போகப்போக ஆங்கிலேயர் காதுக்குக் கேட்காமல் போனது. ஏற்கெனவே அவர்களிடம் குத்துதல் என்ற பொருளில் ‘ப்ரீன்’ இருந்தது, அலகும் குத்துகிறது. ஒலி அந்தப் பக்கம் சாய்ந்து அங்கேயே நின்றுவிட்டது.

மார்ச் 6, இரவு 10.20

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். வாலின் அடியில், முதுகுப்பக்கம், ஒரு சுரப்பி இருக்கிறது. பறவை தலையைப் பின்னால் திருப்பி அலகால் அதை அழுத்தும், தலையையும் அதில் தேய்க்கும், பிறகு உடம்பெங்கும் கொண்டுபோய்த் தடவும். வாத்து கரையேறியதும் செய்யும் முதல் வேலை இது.

வீட்டில் முழுக்கோழி வாங்கிச் சுத்தம் செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். வாலடியில் இரண்டாகப் பிரிந்த மஞ்சள் கட்டி ஒன்று இருக்கும். அதை அறுத்து எறியாமல் குழம்பு வைத்தால் ஒரு மாதிரி வாடை அடிக்கும் என்று அம்மா கறிக்கடைக்காரரிடம் ஒவ்வொரு முறையும் சொல்லி வெட்டச் சொல்வார். அந்தக் கட்டிதான்.

மார்ச் 9, மாலை 5.30

“எண்ணெய் என்பது பின்னால் வந்த பண்டிதர்கள் கட்டிய கதையாகவும் இருக்கலாமே, அந்தக் காலத்து ஆட்கள் உண்மையிலேயே அப்படி நினைத்தார்களா?” என்ற கேள்வி நல்ல கேள்வி. இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஒன்று இருக்கிறது.

1486-ல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் வேட்டையைப் பற்றி ஒரு புத்தகம் அச்சானது. ஊர்ப் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண்மணி எழுதியதாகச் சொல்வது வழக்கம். அதில் பழக்கிய வல்லூறுகள் பற்றிய பகுதியில், கனவான்கள் எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று ஒரு வாத்தியார் மாதிரி அடுக்கிக்கொண்டே போகிறார்கள். உன் வல்லூறு தூங்குகிறது என்று சொல்லாதே, அதற்கு வேறு சொல் இருக்கிறது என்பார்கள். அடுத்து நம் சொல் வருகிறது. வல்லூறு ‘ப்ரொயின்’ செய்கிறது என்று சொல், ‘பிக்’ செய்கிறது என்று சொல்லாதே. எப்போது அது ப்ரொயின்? காலில் தொடங்கி, வாலிலிருந்து எண்ணெய் போன்ற ஈரத்தை எடுத்துவந்து, பாதங்களில் பூசி, சிறகின் இறகுகளை அலகின் வழியாக இழுத்துவிடும்போதுதான். வாலில் எடுக்கும் அந்த எண்ணெய்க்கும் தனியே பெயர் சொல்கிறார்கள்: ‘நோட்’.

எவ்வளவு துல்லியம் பாருங்கள். சும்மா அலகால் கிண்டினால் அது வேறு. எண்ணெய் தொட்டால்தான் ப்ரொயின். 1486-ல் அந்தச் சொல்லின் வயிற்றுக்குள் எண்ணெய் பத்திரமாக இருந்திருக்கிறது. வல்லூறைக் கையில் ஏந்தி நின்றவர்கள் மணிக்கணக்கில் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர்கள் அல்லவா, அவர்களுக்குத் தெரியாமல் போகுமா?

மார்ச் 9, இரவு 8.45

அதே பக்கத்தில் இன்னும் சில சொற்கள், விட மனசு வரவில்லை.

காலை ஒவ்வொன்றாகப் பின்னால் நீட்டி, கூடவே சிறகையும் நீட்டினால் ‘மேன்டில்’. அது முடிந்து இரண்டு சிறகையும் முதுகுக்கு மேலே கொண்டுவந்து சேர்த்தால் ‘வார்பிள்’. உடம்பு முழுக்க இறகைச் சிலிர்த்து உதறினால் ‘ரௌஸ்’.

இந்த ரௌஸ்தான் இன்றைக்குத் தூக்கத்திலிருந்து எழுப்பு, கூட்டத்தைக் கிளப்பு என்றெல்லாம் ஆங்கிலத்தில் புழங்குவது. 15ஆம் நூற்றாண்டில் அது வேட்டைக்காரர் வாய்ச்சொல். மேடைப் பேச்சாளர் கூட்டத்தைத் தட்டி எழுப்பினார் என்று ஆங்கிலச் செய்தித்தாளில் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு வல்லூறு சிலிர்த்து உதறுவது தெரிகிறது. அந்த உதறலுக்கு முன் ஒரு கணம் பறவை பந்து மாதிரி உப்பும்.

மார்ச் 10, காலை 7.10

வேலைக்குக் கிளம்பும் முன்னால் ஒரு வார்த்தை. இந்தச் சொற்களில் பல பிரெஞ்சிலிருந்து வந்தவை, ஏன்? 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனை, வேட்டை, சமையல் எல்லாம் அவர்கள் மொழியில் நடந்தது. வல்லூறு வளர்ப்பது அரண்மனை வேலை.

மார்ச் 11, இரவு 9.30

“மனிதர்கள் கண்ணாடி முன்னால் அலங்கரித்துக்கொள்வதற்கும் ப்ரீன் என்கிறார்களே, அது பறவையிடமிருந்து வந்த உவமைதானே?”

நானும் அப்படித்தான் வெகுநாள் நினைத்திருந்தேன். கிடைக்கும் பழைய சான்றுகளைப் பார்த்தால் இரண்டும் ஒரே காலத்தில் நிற்கின்றன. 1400-ல் இறந்துபோன ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் கான்டர்பரி கதைகளில், வணிகன் சொல்லும் கதையில், டேமியன் என்ற இளம் பணியாளனைக் காட்டுகிறார். எஜமானின் மனைவிமேல் காதல் கொண்டு படுத்த படுக்கையாகக் கிடக்கிறவன். அவளிடமிருந்து கடிதம் வந்ததும் மறுநாள் காலை எழுந்து தலை சீவுகிறான், ‘ப்ரெய்ன்’ செய்துகொள்கிறான், ‘பிக்’ செய்துகொள்கிறான். பறவை அங்கே இல்லை. ஆனால் சாசருடைய நண்பர் ஜான் கவர் ஏறத்தாழ அதே ஆண்டுகளில், 1390 வாக்கில், இதே இரட்டைச் சொல்லைப் போட்டு, மனசு குளிர்ந்திருக்கும் வல்லூறைப் போல என்று சேர்த்து எழுதுகிறார். ஆகவே சாசரைப் படித்தவர்கள் காதிலும் ஒரு வல்லூறு சிறகடித்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

ப்ரெய்னும் பிக்கும் இருவரிடமும் ஜோடியாக வருகின்றன. நூறு வருஷம் கழித்துச் செயின்ட் ஆல்பன்ஸ் புத்தகம் அதே ஜோடியைப் பிரித்து, இது வேறு அது வேறு என்கிறது. ஜனங்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்ததால்தான் அந்த அதட்டல் தேவைப்பட்டிருக்கும்.

தமிழில் ‘கோது’வும் இப்படித்தான், பறவைக்கும் கூந்தலுக்கும் ஒரே சொல். குருவி இறகைக் கோதும், அம்மா பிள்ளையின் தலையைக் கோதிவிடுவாள். எண்ணெய் மட்டும் நம் சொல்லில் இல்லை. நமக்கு எண்ணெய் தேய்ப்பது தனி, கோதுவது தனி. சனிக்கிழமை காலையில் ஆச்சி என் தலையில் நல்லெண்ணெயைச் சூடுபறக்கத் தேய்த்து, பிறகு விரல்களால் சிக்கெடுத்துக் கோதிவிடுவார். இரண்டு வேலையையும் ஒரே கை செய்தது. ஒரே சொல் போதும் என்று அந்தப் பழைய பிரெஞ்சுக்காரர்களுக்கு ஏன் தோன்றியது என்று அந்தக் கையை நினைத்தால் புரிகிறது.

மார்ச் 12, காலை 6.30

முதல் கேள்வியில் இருந்த ப்ரூனுக்குப் பதில் பாக்கி. 3ஆம் தேதி ‘தவறு’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டேன், அந்த ஆசிரியருக்கு அது நியாயமில்லை.

பறவை வேலைக்கும் பல காலம் ‘ப்ரூன்’ என்ற வடிவம் இருந்தது. ஷேக்ஸ்பியரின் சிம்பலின் நாடகத்தில் ரோமானியக் கடவுள் ஜூபிடரின் கழுகு தன் அழியாச் சிறகை ப்ரூன் செய்கிறது. அவர் வேறு இடங்களில் மனிதர்களுக்கும் அதையே போடுகிறார். கிளை வெட்டும் ப்ரூன் வேறொரு பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து, திராட்சைக் கொடியை வெட்டிவிடுவதிலிருந்து, வந்து அதே எழுத்தில் விழுந்தது. பார்க்க இரட்டைப்பிள்ளை, பெற்றோர் வேறு. ஒரே எழுத்தாக இருந்ததால் இரண்டின் பொருளும் ஒன்றையொன்று தொட்டிருக்கும். ஆசிரியர் ஒற்றுமையைக் கண்டது சரி, காரணம்தான் வேறு.

உலர்பழம் ப்ரூன் பற்றிக் கேட்டவருக்கு: அது லத்தீனில் ப்ளம் பழத்தின் பெயர். இந்தக் கதையில் அதற்கு இடமில்லை.

மார்ச் 14, இரவு 11.00

எல்லாப் பறவைக்கும் அந்தச் சுரப்பி உண்டா? 6ஆம் தேதி நான் எழுதிய விதத்தில் எல்லாவற்றுக்கும் உண்டு என்று பட்டுவிடும். இல்லை. நெருப்புக்கோழி, ஈமு, கானமயில் குடும்பம் இவற்றுக்கு இல்லை. சில கிளிகளுக்கும் சில புறாக்களுக்கும் இல்லை. புறாவைக் கையில் பிடித்துவிட்டுப் பார்த்தால் உள்ளங்கையில் மாவு மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். சிலவகை மென்தூவிகள் பொடிந்து உண்டாவது அது, அதையும் இறகில் பரப்பிக்கொள்ளும். கொக்குகளுக்கும் தூள் உண்டு, மேலும் நடுவிரல் நகத்தில் சீப்புப் பல் வைத்திருக்கும். வயல்வரப்பில் மடையான் ஒற்றைக்காலில் நின்று கன்னத்தைச் சொறிவதுபோலத் தெரிவது பெரும்பாலும் தலை சீவுவது.

நீர்க்காகத்துக்கு எண்ணெய் கிடையாது, அதனால்தான் சிறகை விரித்துக் காயவைக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் பள்ளியில் அப்படியே படித்தேன். உண்மையில் அதற்குச் சுரப்பி இருக்கிறது. இறகின் வெளிப்பகுதி தண்ணீரை உள்ளே விடுகிற மாதிரி அமைந்திருக்கிறது, உள்பகுதி விடாது. நனைந்தால் மிதப்பு குறையும், முங்குவது சுலபம்.

மார்ச் 15, மதியம் 1.20

அந்த எண்ணெயைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே நினைக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் வல்லூறு வேட்டை பற்றி லத்தீனில் பெரிய நூல் எழுதினார். சுரப்பியின் வேலை என்ன என்று முதலில் எழுதிவைத்தவர் அவர்தான் என்கிறார்கள். இறகுக்கு எண்ணெய் என்பதைச் சரியாகப் பிடித்தார். கூடவே, அது விஷம், வல்லூறும் ஆந்தையும் அதை நகத்தில் தடவிக்கொள்வதால் இரை சீக்கிரம் சாகிறது என்றும் நம்பினார். வல்லூறு பாதத்தில் எண்ணெய் பூசுகிறது என்று செயின்ட் ஆல்பன்ஸ் புத்தகம் சொல்லும் அதே காட்சியைத்தான் அவரும் பார்த்திருக்கிறார். முடிவு மட்டும் வேறு பக்கம் போய்விட்டது.

மார்ச் 17, இரவு 10.10

விலகிப் போகிறேன், ஆனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ‘ஆன்டிங்’ என்றொரு சொல் இருக்கிறது. பறவை எறும்பை அலகில் எடுத்து இறகில் தேய்ப்பதும், எறும்புப் புற்றில் சிறகை விரித்துப் படுத்துக்கொள்வதும். ப்ரீன் எப்போது பிறந்தது என்று ஆறு நூற்றாண்டு பின்னால் போய்த் தேடுகிறோம். இதற்கோ பிறந்த ஆண்டே தெரியும். பெர்லினில் இருந்த பறவையியலாளர் எர்வின் ஸ்ட்ரெஸமான் 1935-ல் ஜெர்மன் மொழியில் எறும்பின் பெயரை வினையாக்கி ‘ஐன்எம்ஸென்’ என்று எழுதினார். ஆங்கிலம் அதைப் பின்பற்றிக்கொண்டது. அதற்கு முன்பே பெர்லினுக்குப் போய் அதே ஸ்ட்ரெஸமானிடம் பறவையியல் பயின்ற நம் சாலிம் அலி, பேன் போக்கத்தான் பறவைகள் எறும்பைப் பயன்படுத்துகின்றனவா என்று கேட்டு 1936-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார். எறும்பின் அமிலம் எதற்கு உதவுகிறது என்று இன்னும் வாதம் நடக்கிறது.

மார்ச் 20, இரவு 9.50

திரும்ப எண்ணெய்க்கு வருகிறேன்.

இன்றைய பறவையியலில் அந்தச் சுரப்பிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? ‘ப்ரீன் சுரப்பி’. எழுதும்போது கை நின்றுவிட்டது. ப்ரீனுக்குள் எண்ணெய் இருந்தது, ஊசி வந்து அதை மறைத்துவிட்டது, ஜனங்களுக்கு மறந்தும் போய்விட்டது. பிறகு விஞ்ஞானிகள் எண்ணெய் சுரக்கும் உறுப்புக்குப் பெயர் தேடி அதே சொல்லைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் பூசும் சுரப்பி. வேரைத் தேடி வைத்திருக்க வாய்ப்பில்லை, இறகு கோதும்போது தொடும் சுரப்பி என்று வைத்திருப்பார்கள். ஆனாலும் சொல் தன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

மார்ச் 22, காலை 8.00

டார்வின் அதை ‘எண்ணெய்ச் சுரப்பி’ என்றே எழுதினார். 1859-ல் வந்த அவருடைய புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் வளர்ப்புப் புறாக்கள் வருகின்றன. விசிறிவால் புறாவுக்கு, புறாக் குலத்துக்கு இயல்பான 12 அல்லது 14 வாலிறகுகளுக்குப் பதிலாக 30, ஏன் 40கூட இருக்கும், தலையும் வாலும் தொட்டுக்கொள்ளும், எண்ணெய்ச் சுரப்பி முற்றிலும் அற்றுப்போயிருக்கும் என்கிறார்.

விசிறிவால் என்றால் நம் ஊரில் லக்கா. எங்கள் அண்ணன் மொட்டைமாடியில் ஒரு ஜோடி லக்கா வைத்திருந்தான், நான் ஆறாவது படிக்கும்போது. ஐப்பசி மழையில் ஒருநாள் கூண்டுக்கதவு திறந்துகிடந்து இரண்டும் நனைந்துவிட்டன. மற்ற புறாக்கள் உதறிக்கொண்டு போய்விட்டன. லக்கா இரண்டும் வாலைத் தரையில் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தன. அண்ணன் தன் பனியனைக் கழற்றி ஒவ்வொரு வாலிறகாக ஒற்றி எடுத்தான். சுரப்பி இல்லாததால்தான் அப்படி ஆனது என்று சொல்ல மாட்டேன். அத்தனை பெரிய வால் எந்தப் பறவைக்கும் பாரம்தான்.

மார்ச் 22, இரவு 9.25

அண்ணனுக்கு போன் செய்து கேட்டேன், வாலடியில் கட்டி இருந்ததா என்று. “மத்ததுக்கு எல்லாம் இருக்கும்டா, கையில பிடிச்சாத் தட்டுப்படும். லக்காவுக்கு அந்த இடம் வழவழன்னு இருக்கும். எதுக்குன்னு தெரியாது, பார்த்திருக்கேன்” என்றான். டார்வின் எழுதியதை நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை. பிறகு அவனே ஒன்று சொன்னான்: மழை விட்டு வெயில் வந்ததும் அந்த இரண்டும் மற்ற புறாக்களைப் போலவே கழுத்தைப் பின்னால் திருப்பி, வாலடிவரை அலகைக் கொண்டுபோய், அங்கிருந்து ஒவ்வொரு இறகாக நீவத் தொடங்கினவாம். சாயங்காலம் வரை நீவிக்கொண்டிருந்தனவாம்.